ராஜ்யசபாவில் ஒரு வெள்ளிக்கிழமை: திருச்சி சிவாவின் திருநர் மசோதா என்ன ஆனது?

2015-ல் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றிய மசோதா அது. ஆனா சட்டமாகலை. ஒரு எம்.பி. பேசுவதால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையில் பதில் இருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. திருவண்ணாமலை மலை உச்சியில் மகாதீபம் ஏறும் அதே நேரத்தில், கீழே அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவார். பாதி ஆண், பாதி பெண். வருஷத்துக்கு ஒருமுறை, சில நிமிஷம்தான். அந்தக் காட்சிக்காகப் பல லட்சம் பேர் கூடுகிறார்கள்.

அதே ஊரில் ஒரு திருநங்கை வாடகைக்கு வீடு தேடினாலோ, வேலைக்கு விண்ணப்பம் போட்டாலோ, முதல் கேள்வி பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து தொடங்கும்: "ஆணா, பெண்ணா? சர்ட்டிபிகேட் என்ன சொல்லுது?" கோயிலில் கும்பிடுவதை வீதியில் மதிப்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்துக்கான முதல் முழு வரைவை நாடாளுமன்றத்தில் வைத்து, அவையின் ஒப்புதலையும் வாங்கியவர் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு ராஜ்யசபா எம்.பி. பெயர் திருச்சி சிவா.

அந்த மசோதா எப்படி வந்தது, எங்கே நின்றது, அதில் என்ன மிச்சம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ராஜ்யசபா எம்.பி.யை யார் தேர்வு செய்கிறார்கள்?

லோக்சபா எம்.பி.க்கு நாம நேரடியா ஓட்டுப் போடுகிறோம். ராஜ்யசபா எம்.பி.க்கு ஓட்டுப் போடுபவர்கள் எம்.எல்.ஏ.க்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள், ஒருவருக்கு 6 ஆண்டு பதவிக்காலம்.

கணக்கு இப்படி: சட்டமன்றத்தில் 234 பேர். ஒரு சுற்றில் 6 இடங்களுக்குத் தேர்தல் என்றால், 234-ஐ 7-ஆல் வகுத்து, முழு எண்ணை எடுத்து, அதோடு 1 கூட்ட வேண்டும். 34 வரும். அத்தனை எம்.எல்.ஏ. ஓட்டு கிடைத்தால் ஒருவர் டெல்லிக்குப் போகலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் 8 தொகுதிகள்: செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி. இங்கே நீங்கள் போடும் ஓட்டு, உங்கள் எம்.எல்.ஏ. வழியாக ராஜ்யசபா வரை போகிறது. அங்கே நடக்கும் விவாதம் நமக்குத் தூரமான விஷயம் இல்லை.

தனிநபர் மசோதான்னா என்ன?

நாடாளுமன்றத்தில் அமைச்சர் கொண்டுவருவது அரசு மசோதா. அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யும், அவர் ஆளுங்கட்சியாக இருந்தாலும் எதிர்க்கட்சியாக இருந்தாலும், கொண்டுவருவது தனிநபர் மசோதா.

இதற்கான நேரம் மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் சுமார் இரண்டரை மணி நேரம். ராஜ்யசபாவில் ஒரு வெள்ளி மசோதாக்களுக்கு, அடுத்த வெள்ளி தனிநபர் தீர்மானங்களுக்கு. பல எம்.பி.க்கள் அதற்குள் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள். பெரும்பாலான மசோதாக்கள் அறிமுகத்தோடு முடிந்துவிடும். விவாதத்துக்கு வந்தாலும், "அரசு இதைக் கவனிக்கும், நீங்க வாபஸ் வாங்கிக்கோங்க" என்று அமைச்சர் கேட்பார். உறுப்பினரும் வாபஸ் வாங்குவார். இதுதான் வழக்கம்.

1952-லிருந்து பார்த்தால், இப்படிச் சட்டமானவை வெறும் 14. பெரோஸ் காந்தி 1956-ல் கொண்டுவந்த, நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் வெளியிடப் பாதுகாப்பு தரும் மசோதா அதில் ஒன்று. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2015 ஏப்ரல் 24 முக்கியமாகிறது.

மசோதாவுக்கு முன்னால் நடந்தவை

திருநர் உரிமையில் தமிழ்நாடு கொஞ்சம் முன்னாலேயே நடக்கத் தொடங்கிய மாநிலம். 2008 ஏப்ரல் 15 அன்று, இந்தியாவிலேயே முதல்முறையாகத் திருநங்கையருக்கென்று நலவாரியம் இங்கே அமைந்தது. அடையாள அட்டை, ரேஷன் அட்டை, உயர்கல்வி உதவி போன்றவை அரசு நடைமுறைக்குள் வந்தன. கேலிச் சொற்களே பழகியிருந்த இடத்தில் 'திருநங்கை' என்ற மரியாதைச் சொல் அரசு ஆவணத்திலும் செய்தித்தாளிலும் இடம் பிடித்தது.

சரியாக 6 ஆண்டு கழித்து, 2014 ஏப்ரல் 15 அன்று, உச்ச நீதிமன்றம் 'நால்சா' வழக்கில் தீர்ப்பு தந்தது. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி அமர்வு சொன்னதை மூன்று வரியில் சுருக்கலாம்:

• தன் பாலின அடையாளத்தை ஒருவர் தானே முடிவு செய்யலாம். ஆண், பெண், மூன்றாம் பாலினம் எதுவானாலும் அரசு அதை அங்கீகரிக்க வேண்டும்.

• அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது.

• திருநர்களைச் சமூக, கல்வி ரீதியில் பின்தங்கியவர்களாகக் கருதி, கல்வியிலும் அரசு வேலையிலும் இடஒதுக்கீடு தர வேண்டும்.

தீர்ப்பு வந்தது சரி. அதைத் தினசரி வாழ்க்கைக்குக் கொண்டுவர ஒரு சட்டம் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'பிறர்' பிரிவில் பதிவானவர்கள் நாடு முழுக்க 4.87 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 22,000-க்கும் மேல். வெளியே சொல்லாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

தீர்ப்பு வந்து 8 மாதத்தில், 2014 டிசம்பர் 12 அன்று, தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா ராஜ்யசபாவில் 'திருநர் உரிமைகள் மசோதா, 2014'-ஐ அறிமுகப்படுத்தினார். 1996-ல் புதுக்கோட்டையிலிருந்து லோக்சபாவுக்குப் போனவர். பிறகு ராஜ்யசபாவில் நீண்ட காலம் இருப்பவர்.

58 பிரிவுகளில் என்ன இருந்தது?

10 அத்தியாயம், 58 பிரிவு கொண்ட வரைவு அது. தனிநபர் மசோதாக்களில் பல, இருக்கும் சட்டத்தில் ஒரு வரியை மாற்றும் ஒன்றிரண்டு பக்கங்கள்தான். இது முழுச் சட்டத்தின் அளவுக்கு எழுதப்பட்டிருந்தது. முக்கியமானவை:

அரசு கல்வி நிலையங்களிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு.

தேசிய அளவிலும் மாநில அளவிலும் திருநர் ஆணையங்கள். புகாரை விசாரிக்க அதிகாரத்தோடு.

திருநர் உரிமை வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றங்கள்.

திறன் பயிற்சி, உதவித்தொகை, இலவச சட்ட உதவி.

திருநருக்கு எதிரான வெறுப்புப் பேச்சுக்குத் தண்டனை.

இதில் கவனிக்க வேண்டியது, மசோதா திருநரை உதவி வாங்குபவராக மட்டும் பார்க்கவில்லை. உரிமை மீறப்பட்டால் எங்கே போகணும், யாரிடம் கேட்கணும் என்பதற்கும் வழி வைத்தது. நலத்திட்டத்தை ஒரு அரசு தரலாம், அடுத்த அரசு நிறுத்தலாம். சட்டத்தில் எழுதிய உரிமையை அப்படி லேசாக நிறுத்திவிட முடியாது.

அன்று அவையில் நடந்தது

2015 ஏப்ரல் 24, வெள்ளி. மசோதா மீதான விவாதத்தில் கட்சி வித்தியாசம் இல்லாமல் ஆதரவு வந்தது. வழக்கம்போல, சமூக நீதித் துறை அமைச்சர் தாவர் சந்த் கெலாட் எழுந்து, அரசே இதுபற்றி நடவடிக்கை எடுத்துவருகிறது, மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

சிவா திரும்பப் பெறவில்லை. அவை முடிவு செய்யட்டும் என்று நின்றார்.

அப்போது ராஜ்யசபாவில் ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை. வாக்கெடுப்பு நடந்தால் அரசு தோற்கலாம். அதைவிட முக்கியமாக, திருநர் உரிமையை எதிர்த்து ஓட்டுப் போட்டதாக ஒரு பதிவு உண்டாகும். அவை முன்னவராக இருந்த அருண் ஜெட்லி குறுக்கிட்டு, இப்படியொரு விஷயத்தில் அவை பிளவுபடக் கூடாது என்ற நிலையை எடுத்தார். குரல் வாக்கெடுப்பில் மசோதா ஒருமனதாக நிறைவேறியது.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ராஜ்யசபா ஒரு தனிநபர் மசோதாவை நிறைவேற்றியிருந்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அது செய்தி.

பிறகு ஏன் சட்டமாகலை?

ஒரு மசோதா இரண்டு அவையிலும் நிறைவேற வேண்டும். ராஜ்யசபா நிறைவேற்றிய தனிநபர் மசோதாவை லோக்சபாவில் ஓர் உறுப்பினர் கையில் எடுக்க வேண்டும். பிஜு ஜனதா தளத்தின் பைஜயந்த் பாண்டா எடுத்தார். 2016-ல் விவாதமும் தொடங்கியது. ஆனால் ஓட்டெடுப்பு வரை போகவில்லை.

காரணம், அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று அரசு தன் சொந்த மசோதாவை லோக்சபாவில் அறிமுகப்படுத்தியது.

இங்கே ஒரு விதியைத் தெரிஞ்சுக்கணும். ராஜ்யசபா நிரந்தர அவை, கலையாது. ஆனா ராஜ்யசபா நிறைவேற்றி, லோக்சபாவில் நிலுவையில் இருக்கும் மசோதா, லோக்சபா கலையும்போது காலாவதியாகிவிடும். 2019 மே மாதம் 16-வது லோக்சபா கலைந்தபோது சிவாவின் மசோதாவுக்கும் அதே முடிவுதான்.

அரசு மசோதாவில் என்ன பிரச்சினை?

2016 வரைவைத் திருநர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. திருநர் என்பவர் 'முழுமையாகப் பெண்ணும் இல்லை, முழுமையாக ஆணும் இல்லை' என்கிற பாணியில் அதன் வரையறை இருந்தது. ஒருவர் திருநரா என்பதை மாவட்ட அளவிலான குழு சோதித்துச் சொல்லும் என்றது. பிச்சை எடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. மாற்று வேலைக்கு வழி செய்யாமல் இதை வைத்தால், போலீஸ் கையில் இன்னொரு லத்தி கொடுத்த மாதிரி ஆகும் என்பது அவர்கள் பயம். இடஒதுக்கீடு பற்றி ஒரு வரிகூட இல்லை.

நிலைக்குழு 2017-ல் அறிக்கை தந்தது. 2018 டிசம்பர் 17 அன்று 27 திருத்தங்களோடு லோக்சபா நிறைவேற்றியது. தேர்தல் வந்ததால் அதுவும் காலாவதி. 2019 ஜூலையில் மீண்டும் அறிமுகம். இந்த முறை சோதனைக் குழு, பிச்சை தொடர்பான பிரிவு இரண்டும் நீக்கப்பட்டிருந்தன.

லோக்சபா அதை நிறைவேற்றிய தேதி 2019 ஆகஸ்ட் 5. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கம் ராஜ்யசபாவில் வந்த அதே நாள். டி.வி.யில் வேறு செய்திக்கு இடமே இல்லை.

நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். மசோதா ராஜ்யசபாவுக்கு வந்தது. இதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, இன்னும் ஆராய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அதே திருச்சி சிவா. தீர்மானம் தோற்றது. மசோதா நிறைவேறியது. டிசம்பர் 5-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், 2020 ஜனவரி 10 முதல் அமல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

இடஒதுக்கீடு: சிவா மசோதாவில் 2 சதவீதம். 2019 சட்டத்தில் இல்லை.

ஆணையம்: சிவா மசோதாவில் தேசிய, மாநில ஆணையங்கள். 2019 சட்டத்தில் ஆலோசனை சொல்லும் தேசிய கவுன்சில்.

நீதிமன்றம்: சிவா மசோதாவில் தனி நீதிமன்றம். 2019 சட்டத்தில் இல்லை.

அடையாளம்: 2019 சட்டப்படி 'திருநர்' என்ற சான்றிதழைக் கலெக்டர் தருவார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று மாற்ற, மருத்துவமனைச் சான்றோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நால்சா தீர்ப்பு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்காதே என்றதோடு இது மோதுகிறது என்பது முக்கிய விமர்சனம்.

தண்டனை: திருநர் மீதான பாலியல் வன்முறை உட்பட்ட குற்றங்களுக்கு 2019 சட்டம் வைத்தது 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை. பெண்களுக்கு எதிரான பாலியல் வன்கொடுமைக்குச் சட்டத்தில் இருக்கும் தண்டனை இதைவிடப் பல மடங்கு அதிகம். ஒரே குற்றத்துக்கு இரண்டு அளவுகோலா என்ற கேள்வி அன்றே எழுந்தது.

அயர்லாந்திலும் இதே கதை, வேறு முடிவு

இதே காலத்தில் அயர்லாந்தில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று நடந்தது. அங்கே மேலவைக்கு 'ஷானட்' என்று பெயர், 60 உறுப்பினர்கள். பிரதமரால் நியமிக்கப்பட்ட செனட்டர் கேத்தரின் ஜப்போன், 2013-ல் பாலின அங்கீகாரத்துக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை. லிடியா ஃபாய் என்ற பல் மருத்துவர் தன் பிறப்புச் சான்றிதழை மாற்றக் கேட்டு 1997-லிருந்து நீதிமன்றத்தில் போராடிவந்த பின்னணியும் அதற்கு இருந்தது.

2014 டிசம்பரில், சிவா தன் மசோதாவை வைத்த அதே மாதம், ஐரிஷ் அரசு தன் மசோதாவை வெளியிட்டது. அதில் மருத்துவர் சான்று தேவை என்று இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அரசு அதை மாற்றியது. 2015 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, 18 வயதான ஒருவர் தானே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். டாக்டர் சான்றும் வேண்டாம், சோதனைக் குழுவும் வேண்டாம்.

இரண்டு நாட்டிலும் மேலவை உறுப்பினர் ஒருவர் முன்னால் ஓடினார், அரசு பின்னால் வந்தது. அயர்லாந்தில் அரசு அந்த உறுப்பினர் கேட்ட திசைக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

திருவண்ணாமலையில் இருப்பவருக்கு இது என்ன?

2019 சட்டமும் 2020 விதிகளும் வகுத்த முறைப்படி, இங்கே ஒரு திருநர் சான்றிதழ் கேட்டால், முடிவு மாவட்ட ஆட்சியர் கையில். 2020 நவம்பரில் தொடங்கிய தேசிய இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும், மருத்துவப் பரிசோதனை கிடையாது என்று 2020 விதிகள் சொல்லின.

வேலைக்குப் போகிற இளைஞர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த நிறுவனமும் வேலைக்கு எடுப்பதிலோ பதவி உயர்விலோ திருநர் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2019 சட்டம். புகாரைக் கவனிக்க ஓர் அதிகாரியை நிறுவனம் நியமிக்க வேண்டும். உங்கள் ஆபீஸில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? எச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அப்போ, அந்தப் பேச்சுக்கு என்ன பலன்?

மசோதா தோற்றதா? சட்டப் புத்தகத்தில் தேடினால், ஆமா. ஆனால் மூன்று விஷயம் நடந்தது.

ஒன்று, திருநர் உரிமைக்கு ஆதரவாக ஓர் அவை முழுதும் ஒரே குரலில் பேசியது பதிவாகிவிட்டது. இது சின்னக் குழுவின் கோரிக்கை என்று பிறகு யாரும் ஒதுக்க முடியவில்லை.

இரண்டு, அரசின் வரைவை அளக்க ஓர் அளவுகோல் கிடைத்தது. 2016 மசோதா வந்தபோது, "2014-ல் இருந்ததே, இதில் ஏன் இல்லை?" என்று பிரிவு வாரியாகக் கேட்க முடிந்தது. சோதனைக் குழுவும் பிச்சைப் பிரிவும் 2019-ல் காணாமல் போனதற்குத் தெருவில் நடந்த போராட்டம் முதல் காரணம். அந்தப் போராட்டத்தின் கையில் ஒரு மாற்று வரைவும் இருந்தது.

மூன்று, அந்த 2 சதவீதக் கேள்வி சாகவில்லை. 2021-ல் கர்நாடகம் அரசு வேலையில் திருநருக்கு 1 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. பொது, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று ஒருவர் எந்தப் பிரிவில் பிறந்தாலும், அந்தப் பிரிவுக்குள்ளேயே இடம் கிடைக்கும் முறை அது. தமிழ்நாட்டில் திருநரை எம்.பி.சி. பட்டியலில் சேர்க்கும் வழி எடுக்கப்பட்டது. இதில் சிக்கல், ஒரு தலித் திருநங்கை தன் சாதி ஒதுக்கீட்டையும் பாலின ஒதுக்கீட்டையும் ஒன்றாகப் பெற முடியாமல் போகும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இங்கேயும் உள் ஒதுக்கீடு தர வேண்டும் என்று சொன்னது. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு திருநர்களுக்கான தனிக் கொள்கையை வெளியிட்டது.

நீதிமன்றப் படியேறி வென்றவர்களும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் தனக்கு இடமே இல்லாத நிலையில் போலீஸ் வேலைக்குப் போட்டியிட்ட பிரித்திகா யாஷினிக்குச் சாதகமாக 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-ல் அவர் எஸ்.ஐ. ஆனார். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொருவரும் இப்படி வழக்குப் போட்டுத்தான் ஜெயிக்கணும் என்றால், எத்தனை பேரால் முடியும்? அந்தச் சுமையைக் குறைக்கத்தான் சட்டத்தில் எழுதி வைக்கும் இடஒதுக்கீடு.

நாடாளுமன்றம் கூடும் நாட்களில், வெள்ளிக்கிழமை மதியம் சன்சத் டி.வி. பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். இருக்கைகள் பாதி காலியாக இருக்கும். யாரோ ஒரு எம்.பி. எழுந்து, நடக்காது என்று எல்லோரும் நினைக்கும் ஒரு மசோதாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அவர் உங்கள் மாநிலத்துக்காரரா, என்ன கேட்கிறார், அமைச்சர் வாபஸ் வாங்கச் சொல்லும்போது என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். 2015-ல் ஒருவர் வாபஸ் வாங்காததால்தான் இத்தனையும் பேச வேண்டியிருக்கிறது.